சரோஜா அக்கா துவைத்த கதை

அன்று சுங்கை லாலாங் டோபிக் கடையில் இருந்தவர்கள்:

சரோஜா அக்கா. பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவர். மூன்று பிள்ளைகளின் சீருடைகளோடு வந்திருந்தார்.

ஒரு மலாய்ப் பெரியவர். பெயர் தெரியாது. துணி காயும்வரை தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றாதவர்.

நான். செம்பனைப் பழ லோரியில் கெலிண்டான். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி பின்னால் போகும்போது கத்துவது என் வேலை. மற்ற நேரம் பேச மாட்டேன்.

என் நாவல். பூப்போட்ட தலையணை உறைக்குள் இருந்தது.

எழுதுகிறவன் மிச்சம் பிடிக்க இரண்டே வழி. ஒன்று சாப்பாடு, இன்னொன்று கரண்டு. சாப்பாட்டில் கை வைக்க என் மனைவி கமலா விடமாட்டாள். கரண்டில் வைத்தேன். காசு போட்டால் துணி துவைக்கும் அந்த டோபிக் கடையில் நாள் முழுக்க விளக்கு எரியும். விசிறி சுற்றும். நீளமான பெஞ்சு உண்டு. வேலை முடிந்ததும் அங்கே போய் எழுதுவேன்.

ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஆனால் எழுத ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. (“வாயில மிச்சம் புடிக்கிறத கையில செலவு பண்றீங்க” என்பாள் கமலா.) இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் போனது. செம்பனை எண்ணெய் ஆலையில் வீசிய தாள்களின் பின்பக்கத்தில் எழுதினேன். கார்பன் வைத்து ஒரு பிரதி எடுத்துக்கொள் என்று லோரி டிரைவர் அண்ணன் சொன்னார். கார்பனுக்குக் காசு வேண்டுமே. விட்டுவிட்டேன்.

தலைநகரில் ஒரு நாவல் போட்டி வைத்தார்கள். தட்டச்சு செய்துதான் அனுப்ப வேண்டும். சுங்கை பட்டாணியில் ஓர் அம்மா தட்டச்சு செய்து தருவார். பக்கத்துக்கு ஒரு வெள்ளி ஐம்பது காசு. என் நாவலுக்கு முந்நூற்றுப் பதினெட்டு வெள்ளி ஆகும்.

சேர்த்தேன். சிகரெட்டை விட்டேன். தே தாரிக் வாங்குவதை விட்டேன். டிரைவர் அண்ணன் வாங்கிக் கொடுத்தால் குடிப்பேன். கொஞ்ச நாளில் அவர் டீக்கடையில் லோரியை நிறுத்துவதையே விட்டுவிட்டார்.

டோபியில் வெறுமனே உட்கார முடியாது. வாடிக்கையாளருக்கு மட்டும் என்று பலகை இருக்கிறது. மேலே கேமரா வேறு. அதற்காகத்தான் அந்தத் தலையணை உறை. அடியில் நாவல். நடுவில், ரொட்டி பிளாஸ்டிக்கில் சுற்றிய பணம். (வீட்டில் வைத்தால், கேஸ் தீர்ந்துவிட்டது என்று செலவாகிவிடும்.) மேலே இரண்டு கைலி. பார்ப்பவருக்கு அது அழுக்குத் துணி மூட்டை.

அன்று ஞாயிறு. மழை. கடைசி அத்தியாயத்தை முடித்தேன். பணமும் முழுதாகச் சேர்ந்திருந்தது. மறுநாள் லீவு எடுத்துத் தட்டச்சுக்குக் கொடுத்தால் போட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எல்லாவற்றையும் உறைக்குள் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டேன். மூட்டையைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் பக்கத்துப் பெட்ரோல் நிலையக் கழிவறைக்குப் போனேன். (வீட்டுத் தண்ணீர் மிச்சம்.)

திரும்பி வந்தால் மூட்டையைக் காணோம்.

“அக்கா, என் மூட்ட?”

“உள்ளுக்குப் போட்டுட்டேன் தம்பி. பெரிய மிஷின்லா, எடம் இருந்துச்சி. சுடுதண்ணி வச்சிருக்கேன்.”

மிஷினிடம் ஓடினேன். அக்கா விடவில்லை.

“நானும் பாக்குறேன், தெனைக்கும் மூட்டையத் தூக்கிட்டு வரீங்க. ஒக்காந்து ஏதோ கணக்கு போடுறீங்க. அப்படியே தூக்கிட்டுப் போயிர்றீங்க. மிஷினுக்குக் காசு பத்தலன்னா ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? அக்கா என்ன இல்லன்னா சொல்லப் போறேன்?”

“பிரிச்சிப் பாக்கலியா?”

“ஆம்பள துணி. நான் எப்படித் தம்பி பிரிக்கிறது?”

“அது துணி இல்லக்கா. கத. நான் எழுதுன கத.”

“ஐயோ! எவ்வளவு?”

“எல்லாம்.”

அக்கா மிஷின் கதவைப் பிடித்து இழுத்தார். நான் இழுத்தேன். மலாய்ப் பெரியவரும் வந்து இழுத்தார். உள்ளே தண்ணீர் இருக்கும்போது அந்தக் கதவு திறக்காது. சுவரில் இருந்த நம்பருக்கு அக்கா போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை.

மூவரும் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தோம். வேறு என்ன செய்வது?

முதலில் முடிச்சுத் தாங்கியது. லோரியில் வலை கட்டும் கை போட்ட முடிச்சு. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு அவிழ்ந்தது. ஒரு தாள் வந்து கண்ணாடியில் ஒட்டியது. ‘முருகையா ஆற்றில் இறங்கினான்’ என்று இருந்தது. அடுத்த சுற்றில் அவனைக் காணோம்.

“புக்கு கா?” புத்தகமா என்று பெரியவர் மலாயில் கேட்டார். தலையாட்டினேன்.

“கெசியான்” என்றார். பாவம் என்று அர்த்தம். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் தலையை அன்றுதான் பார்த்தேன்.

மிஷின் நின்றது. கதவு திறந்தது. பிள்ளைகளின் நீலச் சீருடை முழுக்கத் தேங்காய்ப்பூ தூவியதுபோல் என் நாவல். வெள்ளைச் சட்டைகளில் மைக் கறை. பிளாஸ்டிக்கைப் பிரித்துப் பார்த்தேன். பணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மல்லிகை வாசம்கூட அடித்தது.

அக்கா அழுதுவிட்டார். “ஒங்க ஒழைப்பயே தொவச்சிட்டேனே தம்பி!”

ஏதாவது சொல்ல வேண்டும். “அழுக்குப் போயிருச்சிக்கா” என்றேன்.

அக்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டே, “நாளைக்கு ஸ்கூல் இருக்கு தம்பி” என்றார்.

மூவரும் உட்கார்ந்து சீருடையில் ஒட்டிய தாளைப் பொறுக்கினோம். பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எழுத்து தெரிகிற துண்டு எதையும் அவர் கீழே போடவில்லை. ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கமலா முதலில் கேட்டது, “கைலி ரெண்டும் வந்துச்சா?” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தே போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் ஞாபகத்திலிருந்து எழுத உட்கார்ந்தேன். முதல் நாற்பது பக்கம் தோட்டத்தில் பொழுது விடிவது. ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. முருகையாவின் மாமன் பேசிய நீண்ட பேச்சும் வரவில்லை. முருகையா ஞாபகம் வந்தான். அவன் கரையில் கழற்றி வைத்த செருப்பு ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். ஆறு பக்கம். அதை நாவல் போட்டிக்கு அனுப்ப முடியாது.

கமலா நின்றபடியே படித்து முடித்தாள். கண்ணைத் துடைத்தாள். “முன்னாடி எழுதுனதுல, இவன் ஆத்துக்குப் போறதுக்குள்ள நான் தூங்கிருவேன்” என்றாள்.

அந்த ஆறு பக்கம் ஒரு ஞாயிறு பத்திரிகையில் சிறுகதையாக வந்தது. சரோஜா அக்கா அதை வெட்டி கேண்டீன் சுவரில் ஒட்டினார். யார் கேட்டாலும், “நான் தொவச்ச கத” என்பார். இன்றுவரை அப்படித்தான். நான் ஏதாவது நீளமாக எழுதினால் கமலா, “மிஷின்ல ஒரு தடவ போட்டு எடுங்க” என்பாள். என் மகன், “சுடுதண்ணியாப்பா, பச்சத்தண்ணியா?” என்பான்.

சேர்த்த பணத்தில் அக்காவின் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சண்டை போட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். மிச்சத்தைக் கமலா எடுத்து, பழைய துவைக்கும் மிஷின் ஒன்று வாங்கினாள். அதன் பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதக் கூடாது. வீட்டில் சட்டம்.

கமலா அந்தப் பணத்தை எடுப்பதற்கு முன்னால், அந்த ஆறு பக்கத்தைச் சுங்கை பட்டாணிக்குக் கொண்டு போயிருந்தேன். தட்டச்சு அம்மா தாளைப் புரட்டிப் பார்த்தார்.

“இருநூறு பக்கத்துக்கு மேலன்னு சொன்னீங்களே அண்ணே?”

“தொவச்சதுல சுருங்கிருச்சி” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கணக்குப் போட்டுச் சொன்னார்.

ஒன்பது வெள்ளி.