இடிக்கு ஒரு ரோல்ஸ்

2009 செப்டெம்பர் 5, சனிக்கிழமை. 5.40க்கு எழும்பினேன். ஓட்ஸ் கஞ்சி, இரண்டு சேர்ட்டுக்கு இஸ்திரி. 8.15க்கு மகளை ஏற்றிக்கொண்டு ஐஸ் ஹொக்கி மண்டபத்துக்குப் போனேன். முதல் வரிசையில் ரோல்ஸ் அண்ணை இருந்தார். டென்மார்க்கின் இந்த இக்காஸ்ட் நகரில் அவரைப்போல மன்னிப்புக் கேட்கக்கூடிய மனிதர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அவருடைய மகளுக்குப் பதினொரு வயது. அணியிலேயே சின்னவள். ஆனால் பனியில் இறங்கினால் அவளுக்கு நிற்கத் தெரியாது. எதிரே வரும் பிள்ளையில் மோதித்தான் நிற்பாள். ஒரு பிள்ளை விழுந்தால் போதும், அண்ணை எழும்பிவிடுவார். அந்தப் பிள்ளையின் பெற்றோரைத் தேடிப் போய், கையோடு கொண்டுவரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, ஆளுக்கொரு ஆட்டிறைச்சி ரோல்ஸ் நீட்டுவார். சில டெனிஷ் தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளை அவளுக்குக் கிட்டவே விளையாடச் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

அன்று பயிற்சி முடிந்ததும் பெற்றோர் கூட்டம். பொழுதுபோக்குக்காக விளையாடும் எங்கள் பிள்ளைகள், எதிராளியை உடம்பால் இடித்துத் தடுப்பதை இனியும் அனுமதிக்கலாமா? முதலில் கோப்பி, கேக். பிறகு வாக்கெடுப்பு. அறிக்கை எழுதுவது நான்.

ரோல்ஸ் அண்ணை எழும்பினார். "இடிக்க விட்டியள் எண்டால், என்ரை பிள்ளையை இண்டையோடை நிப்பாட்டிப்போடுவன்!"

கதவடியில் நின்ற அவருடைய மகள் டெனிஷில் அலறினாள்: "அப்பா, நான் ஹொக்கியை விடமாட்டன்!"

கைகள் உயர்ந்தன. இடிக்கலாம் என்று எட்டு; கூடாது என்று, என் கையோடு சேர்த்து, ஏழு. அண்ணையின் முகம் வெளிறிவிட்டது.

அப்போது, இடிக்கலாம் என்று கை தூக்கியிருந்த யென்ஸ் என்ற பருத்த தகப்பன் கேட்டார்: "இடி நின்றால் ரோல்சும் நின்றுவிடுமா?"

"ஆர் சொன்னது? இடிக்காட்டியும் கொண்டு வருவன்!"

யென்ஸ் கட்சி மாறினார். முடிவை எழுதினேன், காரணத்தை எழுதவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் கேட்டேன்: "அண்ணை, விழுத்துறது உங்கட பிள்ளை. நீங்கள் ஏன் இப்பிடிப் பதறுறியள்?"

"மே மாசம் ஊரிலை சண்டை முடியேக்கை டீவிக்கு முன்னாலையே கிடந்தனான். அதுக்குப் பிறகு, ஆற்றை பிள்ளை விழுந்தாலும் பாத்துக்கொண்டிருக்கேலாமக் கிடக்கு, தம்பி."

அதற்குள் அவருடைய மகள் சந்தோசத்தில் ஓடி வந்து அவரிலேயே மோதி நின்றாள். இருவரும் ஓரத்துப் புல்லில் விழுந்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அண்ணை சிரித்தார்: "இதுக்கு எனக்கு ஆர் ரோல்ஸ் தாறது?"

செப்டெம்பர் 6, ஞாயிறு. எழும்பியதும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், அவருக்குத் தொலைபேசி எடுத்து இடுப்பு எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.