நடக்க முடியாதவருக்கான வரிவிலக்கு

நீதி தேவதை இன்னும் உயிரோடிருந்தால், அவள் குடியிருப்பது எங்கள் துறைமுகச் சுங்க அலுவலகத்தின் மூன்றாம் மாடியில்தான். 'சரக்கு மதிப்பீட்டுப் பிரிவு' என்று வாசலில் பலகை தொங்கும். பிரிவுத் தலைவர் நாம்குங் ஐயா. அவர் காட்டும் இடத்தில் முத்திரை குத்தும் பாக்கியம் என்னுடையது.

போன மாதம் தக் ப்யோங்ஹோ என்ற நூடுல்ஸ் கடைக்காரர் வந்தார். முப்பது வருடம் மீன் சந்தையில் கானாங்கெளுத்தி விற்ற அவர் மனைவி சோன் மியோங்ஜா, பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து, நான்கு மாதமாக வீட்டோடு கிடந்தார். எப்படியாவது தன் மீன் கடைக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கணவர் இணையத்தில் துழாவி, கடலுக்கு அந்தப் பக்கம் ஹகாத்தா என்ற ஊரில் ஒருவரிடம் பழைய சக்கர நாற்காலி ஒன்றை எட்டாயிரம் யென்னுக்குப் பிடித்துவிட்டார். கப்பல் கூலி இருபத்தோராயிரம்.

நாம்குங் ஐயா காகிதத்தை வெகுநேரம் ஆராய்ந்தார்.

"எட்டாயிரம் வோன் சாமானுக்கு எவனாவது இருபத்தோராயிரம் கூலி குடுப்பானா?"

"யென்னுங்க."

"எதுவா இருந்தா என்ன? இவ்வளவு கூலி குடுத்திருக்கீங்கன்னா சாமான் ஒசத்தி. கூலியையும் விலையில சேர்த்துத்தான் வரி."

"பழசுங்க ஐயா. ஒரு சக்கரம் கீச்சுன்னு கத்துமாம்."

"பழசுன்னா அரும்பொருள் ஆகிடும். அதுக்கு வேற மதிப்பீடு. பழசுன்னு சொல்லாதீங்க, உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

எவ்வளவு கருணை! அதோடு நிற்கவில்லை. நடக்க முடியாதவர்களுக்கு முழு வரிவிலக்கு உண்டென்று அவரே எடுத்துச் சொன்னார். ஒரே நிபந்தனை, நடக்க முடியாதவர் நேரில் வர வேண்டும்.

"அவளால நடக்க முடியாதே!"

"அதைத்தான் நேர்ல பாக்கணும்."

"நாற்காலிய ஒரு மணி நேரம் குடுங்க. அதுல வெச்சுத் தள்ளிட்டு வந்துடறேன்."

"வரி கட்டாத சாமான் வெளிய போகக் கூடாது. கவலைப்படாதீங்க, கிடங்குல பத்திரமா இருக்கு. பத்திரத்துக்குத் தினவாடகை உண்டு."

மறுநாள் தக், மீன் கூடை ஏற்றும் தள்ளுவண்டியில் மனைவியை உட்காரவைத்து வந்து சேர்ந்தார். எங்கள் கட்டடத்தில் இருப்பது சரக்கு லிஃப்ட் மட்டும். ஆட்களுக்குப் படிக்கட்டு. சரக்கு லிஃப்டில் ஏற சரக்கு விண்ணப்பம் தேவை. நானே எடுத்துக் கொடுத்தேன்.

தக் நிறுத்தி நிதானமாக எழுதினார். பொருள்: மனைவி. நிலை: பயன்படுத்தியது. பழுது: இடுப்பு. 'மதிப்பு' என்ற கட்டத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது.

"சும்மா எதையாவது போடுங்க," என்றேன்.

"போட்டா அதுக்கும் வரி கேப்பீங்க," என்று காலியாக விட்டார்.

முத்திரை குத்தினேன். அந்த அம்மாள் மேலே வந்தார். நாம்குங் ஐயா தலை நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நடக்க முடியாதவங்க மூணாவது மாடிக்கு எப்படி வந்தீங்க?"

"சரக்கா வந்தேன்!"

"சரக்குக்கு வரிவிலக்கு கிடையாதே."

அம்மாள் அசரவில்லை. எடைபோடும்போது பேரம் பேசுபவனைப் பார்ப்பதுபோல் ஐயாவைப் பார்த்தார்.

"நான் சரக்குதானே? நானும் வரி கட்டலை. அப்ப என்னையும் கிடங்குல போடுங்க."

ஐயா கையேட்டைப் புரட்டினார். மறுக்க வழியில்லை. இன்னொரு முத்திரை. நானே வண்டியைத் தள்ளிப்போய்க் கிடங்கில் சேர்த்தேன். அம்மாள் கணவரின் தோளைப் பிடித்து எழுந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்தார். இடுப்புக்குக் கச்சிதமாக இருந்தது. "தள்ளுய்யா," என்றார்.

கீச், கீச் என்று இருவரும் வெளிவாசலுக்குப் போனார்கள். நான் பதறிக்கொண்டு பின்னால் ஓடினேன். காவலாளி தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டார்.

"யோவ், அது வரி கட்டாத சரக்கு!"

"ஆள் உக்காந்து வந்தா அது சரக்கில்ல, சொந்த உடமை. வரியே கிடையாது. கையேட்டுல மொதப் பக்கம்தானே?"

அம்மாள் நாற்காலியை என் பக்கம் திருப்பச் சொன்னார்.

"தம்பி, இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"அது பயணிகள் பிரிவு விதிங்க. நான் சரக்குப் பிரிவு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கு இடுப்பு ஒடஞ்சுது. உனக்கு எதுப்பா ஒடஞ்சுது?"