குதிரைப்படைக்கு வழி கேட்டவர்

"அப்பா, நம்ம திண்டிவனம் எப்பப்பா கடல்ல முழுகுச்சி?"

பிரின்சி இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. அருள்நாதனின் பிரவுசிங் சென்டரில், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செஞ்சிக் கோட்டையைப் பிடிக்கும் விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தாள். அருள்நாதன் எட்டிப் பார்த்தார். குழந்தை சொன்னது சரிதான். வரைபடத்தில் திண்டிவனம் கரையை விட்டுத் தள்ளி, நீல நிறத்தின் நடுவே, ஒரு மீனுக்குப் பக்கத்தில் இருந்தது. விழுப்புரம் வேலூருக்கும் வடக்கே போய் உட்கார்ந்திருந்தது.

"முழுகலம்மா. வரைஞ்சவங்க தப்பா வரைஞ்சிட்டாங்க."

"அப்ப நீ சரியா வரைஞ்சி குடேன்."

அப்போது 2010ஆம் ஆண்டு, தவக்காலம் தொடங்கிய வாரம். அருள்நாதனுக்கு வரைய நேரம் நிறைய இருந்தது. சென்டருக்கு ஆள் வருவது நின்று போயிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு குடோனில் அவருக்கு வேலை பேசி வைத்திருந்தான் மச்சான். அங்கேயே தங்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. ஈஸ்டருக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் பதிலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

விளையாட்டைச் செய்த சென்னைக் கம்பெனிக்கு அவர் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். மூன்றாம் நாள் போன் வந்தது. பேசியவர் சின்னதுரை என்ற இளைஞர்.

"கரெக்டா சொன்னீங்க சார். எங்க ஆபீசுல ஒருத்தரும் தாம்பரத்தத் தாண்டுனதில்ல. நீங்களே விழுப்புரம் ஜில்லாவத் திருத்தி அனுப்புங்க. நல்லா வந்துச்சின்னா தமிழ்நாடு மொத்தமும் ஒங்களுக்குத்தான். ஒரு வருஷ வேலை. வீட்டுலேருந்தே செய்யலாம்."

மனைவி அமல்ராணி சிலுவை போட்டுக்கொண்டாள். "ஆண்டவரே, இவரு எங்கயும் போவாம இருக்கணும்."

அருள்நாதன் கல்லூரியில் வரைபடம் போடப் படித்தவர். ஒரு நல்ல அட்லஸை வைத்து இரண்டே நாளில் எல்லா ஊரையும் அதனதன் இடத்தில் வைத்து அனுப்பினார். பெருமையாகவே அனுப்பினார்.

"சார், படை இப்ப பைபாஸ்ல போவுது" என்றார் சின்னதுரை. "ராஜா காலத்துல பைபாஸ் ஏது சார்? டோல்கேட்டுல குதிரைய நிறுத்தி ரசீது வாங்க முடியுமா? பழைய வழி வேணும். ஓர் ஊருலேருந்து இன்னோர் ஊருக்கு எவ்ளோ நேரம்னு போட்டுக் குடுங்க, தூரத்த கம்ப்யூட்டரே வரைஞ்சிக்கும்."

பழைய வரைபடம் கிடைக்குமா என்று அருள்நாதன் விழுப்புரம் போனார். ஒரு ஜன்னலில் மனு கொடுக்கச் சொன்னார்கள். மனு கொடுத்தார். வேறு ஜன்னலுக்குப் போகச் சொன்னார்கள். அது சாப்பாட்டு நேரத்துக்காக மூடியிருந்தது. திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் விருத்தாசலம் பழக்கமானவர். இந்த ஜில்லாவில் அவர் போகாத ரூட் இல்லை.

"எந்த ஊருக்கு எவ்ளோ நேரம்னுதான? எழுதிக்க சார்" என்று விருத்தாசலம் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார். "விழுப்புரம் திண்டிவனம், ஒரு மணி. கண்டாச்சிபுரம், ஒண்ணேகால். மேல்மலையனூர், ஏழு மணி நேரம்."

"ஏழா?"

"நேத்து போய்ட்டு வந்தேன், எனக்குத் தெரியாதா? எழுது சார்."

அருள்நாதன் எழுதினார். கம்ப்யூட்டர் மேல்மலையனூரைப் பெங்களூருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. முந்தின நாள் அமாவாசை, அங்காளம்மன் கோயில் கூட்டத்தில் வண்டி நகரவே இல்லை என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

"சார், செஞ்சி ராஜா மேல்மலையனூர் போய்ச் சேர்றதுக்குள்ள செத்துப்போயிட்டாரு" என்றார் சின்னதுரை. "அளந்தே எழுதிடுங்க சார். இப்ப பெருமுக்கல் பக்கம் மட்டும் போதும். அங்கதான் எங்க படை மொதல் சண்டை போடுது. பத்து நாளு டைம்."

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை காலை அருள்நாதன் தன்னுடைய பழைய மொபெட்டில் புறப்பட்டார். ஐம்பது மீட்டர் டேப் எடுத்துக்கொண்டார். அளந்த இடம் மறந்துபோகாமல் இருக்க ஒரு பை சுண்ணாம்புப் பொடி, கல்லில் நம்பர் போட மஞ்சள் பெயிண்ட், வெயிலுக்கு ஒரு தொப்பி. பெருமுக்கல் மலைக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு சிறு ஊரில் வண்டியை நிறுத்தி, டேப்பை விரித்து, வேலையை ஆரம்பித்தார்.

தவக்கால வெள்ளிக்கிழமை என்பதால் அவருக்கு ஒருசந்தி நோன்பு. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். பகல் பன்னிரண்டரைக்கு மலை இரண்டாகத் தெரிந்தது. பிறகு மூன்றாகத் தெரிந்தது. ஏதோ ஒரு கூரை வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வீட்டுக்கார அம்மா அம்சவள்ளி, ஐம்பது வயதிருக்கும், தனிக்கட்டை. அவரையும் பார்த்தாள், சுண்ணாம்புக் கோட்டையும் பார்த்தாள், மஞ்சள் நம்பர் போட்ட கல்லையும் பார்த்தாள். உள்ளே போய் ஒரு சொம்பு கேப்பைக் கூழும், அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையில் அரைத்த கொஞ்சம் துவையலும் கொண்டுவந்தாள்.

"மொதல்ல இத குடி. மூஞ்சி வெளுத்துப் போச்சி."

அவர் பாதி குடித்த பிறகுதான் அவள் விசாரிக்க ஆரம்பித்தாள்.

"எந்த ஆபீசு சார்?"

நாற்பத்தொரு வயதில், குழந்தைகள் ஆடும் விளையாட்டுக்குப் படம் போடுகிறேன் என்று சொல்ல அருள்நாதனுக்கு வெட்கமாக இருந்தது. "சென்னைக் கம்பெனிக்கா. மேப்பு வேலை" என்றார்.

"எத்தினி அடி அகலம்?"

"கம்பெனி முடிவு பண்ணும். முப்பது அடி இருந்தா தாராளமா போவும்."

"எப்ப வருது?"

"எல்லாம் சரியா வந்தா பொங்கலுக்குள்ள வந்துடும்."

அம்சவள்ளி தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "என் வூடு, இந்தக் கொல்லை எல்லாம்?"

"அதெல்லாம் அதுல வராதுக்கா. இவ்ளோ சின்னதயெல்லாம் அவங்க கணக்குல வெக்க மாட்டாங்க."

அவள் மஞ்சள் நம்பர் போட்ட கல்லை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த சொம்பை வாங்கி, மறுபடி நிரப்பிக் கொண்டுவந்தாள். பானையின் அடியில் அகப்பை உரசும் சத்தம் அவருக்குக் கேட்டது. கழுவிக் கவிழ்த்த பானையையும் போகும்போது பார்த்தார். "ஒங்களுக்கு?" என்றார்.

"எனக்குப் பசியில்ல" என்றாள் அம்சவள்ளி.

மறுநாளிலிருந்து ஊரே அவருக்கு உதவியது. இப்படி ஒரு நல்ல ஊரை அவர் கண்டதில்லை. போன இடமெல்லாம் மோர், இளநீர், வறுத்த மல்லாட்டை. சவுரிராயன் என்ற கொத்தனார் வேலைக்குக் கூடப் போகாமல் பக்கத்திலேயே நடந்துவந்தார்.

"இது இன்னா நெலம்?" என்று அருள்நாதன் கேட்டார்.

"நெலமா? இது ஏரி சார்."

"மல்லாட்டை வெளஞ்சிருக்குதே?"

"தானா மொளைச்சது சார். மழை வந்தா இங்க நிக்க முடியாது, கழுத்து வரைக்கும் தண்ணி."

அருள்நாதன் ஏரி என்று எழுதிக்கொண்டார்.

"அந்தாண்ட?"

"பூராவும் கல்லறை."

"வீடு தெரியுது. மேல டிஷ்ஷு வேற இருக்குதே?"

"பழகிடுச்சி சார்" என்றார் சவுரிராயன்.

"பழைய வழி ஒண்ணு இருந்திருக்குமே? குதிரை, வண்டி எல்லாம் போன வழி?"

"எங்க ஊருல கெடையவே கெடையாது. எல்லாம் பாறை. பக்கத்து ஊர்ல இருக்குது பாருங்க, அருமையான வழி. அங்க போய் அளங்க."

பக்கத்து ஊரில் கேட்டார். அவர்களும் இளநீர் வெட்டினார்கள். அவர்களுடைய ஊரிலும் ஏரி, கல்லறை, பாறைதான். வழி அதற்கடுத்த ஊரில் இருக்கிறது என்றார்கள். அடுத்த ஊர்க்காரர்கள் ரொம்பத் தெளிவாக, முதல் ஊருக்குக் கைகாட்டினார்கள்.

எட்டாம் நாள் வரைபடம் போனது. ஒன்பதாம் நாள் சின்னதுரை கூப்பிட்டார். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது.

"சார், ஒங்க பக்கத்துல யாருமே உயிரோட இல்லியா?"

"ஏன் தம்பி?"

"பதினோரு ஏரி, ஏழு கல்லறை, ஒரு வீடு இல்ல. சரி, பரவால்ல. ஆனா படைய அனுப்பிச்சா அது மலையச் சுத்தி வந்துக்கினே இருக்குது சார். எதிரிப் படையும் பின்னாலயே சுத்துது. நேத்து காலையில ஆரம்பிச்சது, இன்னும் நிக்கல. எதுக்குச் சுத்துதுன்னு ரெண்டு படைக்குமே தெரியல."

"எனக்கும் தெரியல தம்பி" என்றார் அருள்நாதன். உண்மையைத்தான் சொன்னார்.

"நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணி சார். அதுக்கு மேல பாஸு வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டாரு."

அமல்ராணி பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். "அப்பா எங்கம்மா போவுது?" என்று கேட்ட பிரின்சியிடம் தூசித் துணியைக் கொடுத்து உதறி வரச் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் அருள்நாதன் மொபெட்டை எடுத்தார். டேப்பை எடுக்கவில்லை. ஊரை விட்டுப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்தது. கவிழ்த்து வைத்த அந்தப் பானை அன்றிலிருந்து அவர் கண்ணுக்குள்ளேயே இருந்தது. ஒருவர் சாப்பாட்டைத் தான் சாப்பிட்டுவிட்டது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அம்சவள்ளி வீட்டில் இல்லை. களை எடுக்கப் போயிருந்தாள். வாசல் சார்ப்பில், அடுப்புக்குப் பக்கத்தில், கேப்பை வைக்கும் தகர டின் இருந்தது. மூடியைத் திறந்தார். அடியில் இரண்டு கை அளவு கிடந்தது. பையில் வாங்கி வந்திருந்த ஐந்து கிலோ கேப்பையையும் சத்தமில்லாமல் அதில் கொட்டினார். மூடியைப் பழையபடி வைத்தார். வெறும் பையை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பார்க்க யாரும் இல்லை. கட்டியிருந்த ஆடு கூட அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

தெருமுனையில் சவுரிராயன் பிடித்துக்கொண்டார். "இன்னா சார், இன்னிக்கி டேப்பு இல்ல?"

"இனிமே அளக்க வேணாம் சவுரிராயன். வேலை போச்சு."

சவுரிராயனின் முகம் மலர்ந்தது. பிறகு, அது சரியில்லை என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும், முகத்தைச் சுருக்கிக்கொண்டார். "அப்ப ரோடு வரலியா?"

"எந்த ரோடு?"

"நீங்க அளந்த ரோடுதான். நாலு வழியோ ஆறு வழியோ, போடப் போறாங்கன்னு..."

"ரோடா? நான் குதிரைக்குல்ல வழி கேட்டேன்?"

"எந்தக் குதிரை?"

அருள்நாதன் இனி வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொன்னார். விளையாட்டு, செஞ்சி ராஜா, கடலில் கிடந்த திண்டிவனம், குடோன் வேலை, பெட்டி. சவுரிராயன் கேட்கக் கேட்க வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பதற்கா, அழுவதற்கா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"சார், சுண்ணாம்பு போடற, கல்லுல மஞ்சா பெயிண்ட் அடிக்கிற, நெலம் யாருதுன்னு கேக்கற. நாங்க இன்னான்னு நெனைப்போம்? அடுத்த தாலுக்காவுல இப்படித்தான் ஒருத்தன் கோடு போட்டான், ஆறே மாசத்துல கெணறு போச்சி, தோப்பு போச்சி. அஞ்சு மணிக்குள்ளயா கேட்டாங்க? ஜல்தி வண்டிய எடு சார்!"

பிறகு நடந்ததை அருள்நாதன் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். மூன்று ஊரும் சேர்ந்து அவருக்கு வழி காட்டின. உண்மையான ஏரியைக் காட்டினார்கள். அதில் தண்ணீர் இருந்தது. கல்லறையிலிருந்து ஒரு பெண் டிஷ்ஷுக்கு அடியில் நின்று, "இது எங்க வூடு சார், தெளிவா எழுதிக்கோ" என்றாள். ஒரு புளியமரத்துக்குப் பின்னால், பாறை என்று சொன்ன இடத்தில், வண்டித்தடம் தேய்ந்த பழைய பாதை ஒன்று மலையை ஒட்டி நேராகக் கிழக்கே போனது. பிற்பகல் இரண்டு மணிக்கு நோட்டு நிறைந்தது. நாலே முக்காலுக்கு வரைபடம் சென்னை போனது.

ஆறு மணிக்குப் போன். "சார், படை சுத்தல! நேரா போவுது! கடலூர் ஜில்லாவ எப்ப குடுக்கறீங்க?"

அமல்ராணி பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றினாள். அதில் கிறிஸ்துமஸ் குடில் சாமான்களையும் போட்டுவிட்டாள், இனி யாரும் இறக்கக் கூடாதென்று.

ஈஸ்டர் பூசை முடிந்து, சவுரிராயன் சென்டருக்கு வந்தார். தன் ஊரைக் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டுமாம். பிரின்சி ஒரு குதிரைப்படையை அவர் ஊர்ப் பக்கமாக ஓட்டிக் காட்டினாள்.

"ஏரிய தாண்டிப் போ பாப்பா, மல்லாட்டைய மிதிக்காத" என்றார் அவர்.

அருள்நாதன் டீ வரவழைத்தார். "எனக்கு ஒண்ணுதான் புரியல சவுரிராயன். மூணு ஊரும் ஒரே மாதிரி எப்படிப் பொய் சொன்னீங்க? நேருக்கு நேரா, சிரிச்சிக்கினே! அந்த அம்சவள்ளி அக்கா ஒருத்திதான் எங்கிட்ட ஒரு வார்த்த பொய் சொல்லல. பாவம், ஒண்ணும் தெரியாம கூழ ஊத்திட்டு நின்னுச்சி."

சவுரிராயன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"மொத நாளு நீங்க கூழு குடிச்சிட்டு வண்டி ஏறுனதும் மூணு ஊரையும் கூட்டி வெச்சி, தப்பு தப்பா வழி காட்டச் சொன்னதே அந்தக்காதான் சார், 'வழியில எவ்ளோ வேணா பொய் சொல்லுங்க, நம்ம நெலத்த எடுக்க வந்தவனாவே இருக்கட்டும், அவன் குடிக்கிற கூழுல மட்டும் ஒரு சொட்டு தண்ணி கூட ஊத்திடாதீங்க'ன்னுச்சி."