காற்று புகும் கட்டடம்

புது பெல்கிரேடில், சாவா ஆற்றுக்கு இப்பால், லெபொசாவா குடியிருந்த இருபது மாடிக் கட்டடம் காற்றுக்காகக் கட்டப்பட்டது. மனிதர்களும் அதில் வசிக்க அனுமதிக்கப்பட்டிருந்தார்கள்.

பூச்சில்லாத சிமெண்டுச் சுவர்தான் அன்றைய நாகரிகம். வீட்டுக்கு இரு பக்கமும் திறந்த பால்கனி. ஒரு பக்கம் நுழையும் காற்று சமையலறையில் குசலம் விசாரித்துவிட்டு மறுபக்கம் வெளியேற வேண்டும் என்பது கட்டடக் கலைஞரின் கனவு. அந்தக் கனவுக்கு வெளிநாட்டிலெல்லாம் பரிசு கொடுத்தார்கள். ஊடுகாற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், சிறுநீரகம் போய்விடும் என்பது பெல்கிரேடில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். கலைஞருக்கு மட்டும் தெரியவில்லை.

குடிவந்தவர்கள் முதல் வேலையாகக் கையில் கிடைத்த கண்ணாடியெல்லாம் வைத்துப் பால்கனியை அடைத்தார்கள். லெபொசாவாவுக்குக் கிடைத்தது இடிபட்ட மருந்துக்கடை ஜன்னல். அதற்குப் பின்னால்தான் மகள் ஸ்லாவ்காவும் மாப்பிள்ளை ராடிசாவும், தொழிற்சாலை வீடு கொடுக்கும் என்று காத்துக்கொண்டு, படுத்து எழுந்தார்கள். மேல்வீட்டுப் பேராசிரியர் லுடோமிர் மட்டும் சட்டத்துக்குப் பயந்து பால்கனியை அடைக்காமல், கோடையிலும் கழுத்தில் கம்பளித் துண்டோடு திரிந்தார்.

இப்படியிருக்கையில், மேற்படி கட்டடம் நூற்றாண்டின் அரும்பெரும் சாதனை என்றும், அதை உடனே மூல நிலைக்குத் திருப்ப வேண்டும் என்றும் நினைவுச்சின்னப் பாதுகாப்பு அலுவலகம் தீர்மானித்தது. அதிகாரி வுகோமான் நேரில் வந்தார்.

லெபொசாவா விருந்தாளி மரியாதையாக ஒரு கரண்டி செர்ரிப் பாகும் தண்ணீரும் காப்பியும் கொடுத்தாள். இரவு ஷிப்டு முடிந்து வந்த ராடிசாவ் பால்கனியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"தோழரே, இந்தக் கண்ணாடியை எடுத்துட்டா எம் பிள்ளைங்க எங்க படுக்கும்?"

"உலகமே வியக்கிற கட்டடத்துல இருக்கீங்க. படுக்கிறதப் பத்திப் பேசறீங்களேம்மா!"

"நீங்க எங்க இருக்கீங்க?"

"நானா? எங்கம்மா வீட்டுல. ஓட்டு வீடு."

லெபொசாவா பால்கனி ஜன்னலைத் திறந்தாள். சமையலறை ஜன்னலையும் திறந்தாள். திரைச்சீலை எழுந்து நின்றது. ராடிசாவ் தூக்கத்திலேயே போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

"ஐயோ! அடைங்கம்மா! என் கழுத்து!"

"மூல நிலை தோழரே. கொஞ்ச நேரம் ரசிங்க."

"எனக்கு நல்லா இருக்கிறதே சிறுநீரகம் ஒண்ணுதான்! அடைங்க!"

அடைத்தாள். ஒரு குவளை பிளம் சாராயமும் ஊற்றினாள். அதிகாரியின் சிந்தனை அந்தக் கட்டடத்து லிஃப்டைப் போல இரண்டு மாடிக்கு நடுவே கொஞ்சம் நின்றது. பிறகு எப்படியோ போய்ச் சேர்ந்தது.

"கலைஞர் வேணும்னேதான் அரைகுறையா விட்டிருக்கார். மக்கள் முடிக்கட்டும்னு. ஆகவே, இப்ப நான் பார்க்கிற நிலைதான் மூல நிலை. இதுல ஒரு ஆணிகூட நகரக் கூடாது!"

லெபொசாவா ஊர் வழக்கப்படி மூன்று முறை அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். மாடிக்கு மாடி கொண்டாட்டம். பேராசிரியருக்கு மட்டும், பால்கனியை அடைக்காமல் நினைவுச்சின்னத்தைச் சிதைத்ததாக அபராதம்.

"நான் சட்டப்படிதானே நடந்தேன்?" என்றார் அவர்.

"அதான் உங்க குற்றம்," என்றார்கள் அலுவலகத்தில்.

இலையுதிர்காலத்தில் தொழிற்சாலை வீடு கொடுத்தே விட்டது. பெட்டியோடு இறங்கிய மகளையும் மாப்பிள்ளையையும், வழியனுப்ப வந்த லெபொசாவாவையும் வுகோமான் வாசலில் மறித்தார்.

"மாப்பிள்ளை எங்க கிளம்பிட்டார்?"

"அவரோட புது வீட்டுக்கு," என்றாள் லெபொசாவா.

"முடியாதும்மா. ஆய்வு செஞ்சப்ப இவர் பால்கனியில தூங்கிட்டிருந்தார். பாதுகாக்கப்பட்ட நிலையில இவரும் அடக்கம்."

"இவன் மனுஷன் தோழரே!"

"கட்டடத்துல மனுஷனுக்கும் இடம் வேணும்னு வாதாடினது நீங்கதானே?"

ஸ்லாவ்கா அழுதாள். லெபொசாவா இருவரையும் திரும்ப மேலே கூட்டிப்போய், பின்படிக்கட்டைக் காட்டினாள். "ஓசைப்படாம இறங்குங்க. தூங்கறதுதானே வேலை? நான் தூங்கறேன்."

"குறட்டை, அத்தை?" என்றான் ராடிசாவ்.

"உன் மாமனார் விட்டதைக் கேட்டே கிழவியானவ நான். வரும், போ."

ஞாயிற்றுக்கிழமை வுகோமான் கட்டடக்கலை மாணவர்களைக் கூட்டிவந்தார். பால்கனிச் சுவரில் 'மருமகன், 1988' என்று பித்தளைத் தகடு பளபளத்தது. போர்வைக்குள் லெபொசாவா கட்டடம் அதிரக் குறட்டை விட்டாள். கண்ணாடிக்கு வெளியே, தனக்கென்று கட்டிய வீட்டுக்குள் நுழைய வழியில்லாமல், காற்று சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு மாணவி குனிந்து பார்த்தாள்.

"சார், மருமகன்னு போட்டிருக்கு. பூப்போட்ட கவுன் தெரியுதே?"

வுகோமான் ஒரு கணம் உற்றுப் பார்த்தார். ஜன்னல் சரியாக அடைத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பிற்காலச் சேர்க்கை," என்றார். "அதையும் பாதுகாக்கணும்."