பங்கேற்பாளர் எண் ஏழு எழுதிக்கொள்வது

ஆய்விதழின் ஆசிரியராக வீற்றிருக்கும் ஐயா அல்லது அம்மா அவர்களின் மேசைக்கு,

தங்கள் நலமும், தங்கள் மேசையில் குவிந்து கிடக்கும் கட்டுரைகளின் நலமும் அறிய ஆவல். இங்கிருந்து ஒரு முக்கிய அறிவிப்பு: எங்கள் வீட்டில் கடந்த செவ்வாய்க்கிழமை முதல் என்னை யாரும் திட்டவில்லை. குளியலறை விளக்கை அணைக்காமல் வந்தேன், திட்டவில்லை. அக்காவின் ஷாம்பூவில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தேன், அவளும் நுரை வராத தலையோடு பேசாமல் போய்விட்டாள். பதினாறு வருடமாகத் திட்டு வாங்கியே வளர்ந்த உடம்பு இது. திடீரென்று நிறுத்தினால் தாங்காது. ஆகவேதான் எழுதுகிறேன்.

காரணம் தாங்கள். பதின்வயதுப் பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றி என் அக்கா இரண்டு வருடம் ஆராய்ந்து தங்களுக்கு அனுப்பிய கட்டுரை, வேறொன்றோடு தொண்ணூற்றாறு விழுக்காடு ஒத்துப்போவதாகத் தங்கள் மென்பொருள் சொல்கிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் நிராகரித்து, பல்கலைக்கழகத்துக்கும் தெரிவிப்பீர்களாம். அதைப் படித்ததிலிருந்து அவள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை மூடி, அதன்மேல் தலையை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். "தொண்ணூத்தாறு நல்ல மார்க்குதானேம்மா" என்று அப்பா ஆறுதல் சொன்னார். "அது திருட்டு மார்க்குப்பா" என்றாள். "யாருக்காவது நோட்டு கீட்டு இரவல் குடுத்தியா?" என்று அப்பா விசாரணையைத் தொடங்கிவிட்டு, பதில் வருவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். அவர் அப்படித்தான், ராத்திரி சாப்பிட்டு முடித்தால் பிளக்கைப் பிடுங்கினதுபோல. அம்மாவின் யோசனைப்படி அக்கா தன் வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் போட்டாள். "உண்மையை எழுதும்மா, நான் உன் பக்கம்தான். பதில்ல மட்டும் என் பேரைச் சேர்க்காதே" என்று தைரியம் கொடுத்து வைத்துவிட்டார். "கட்டுரையில அவர் பேருதானேடி முதல்ல இருக்கு?" என்றாள் அம்மா. "அது வேறம்மா" என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி லேப்டாப்பில் தலையை வைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எவன் திருடினான்னு நான் கண்டுபிடிக்கிறேன்க்கா, என்கிட்ட விடு" என்று மார்தட்டிவிட்டேன். அவள் நிமிர்ந்து, "நீயாவது என்னை நம்புறியேடா" என்று என் தலையைத் தடவினாள். அந்தக் கை வழக்கமாக என் தலைக்கு வருவது குட்டுவதற்கு.

என் துப்பறியும் திறமையை நானே சொன்னால் தற்புகழ்ச்சி; வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன். தங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'மூலம்: ஒரு பள்ளி மாணவரின் படைப்பு' என்று இருந்தது. ஐந்தே நிமிடத்தில் ஆளைப் பிடித்தேன். கண்ணாடியில் பிடித்தேன். எங்கள் பள்ளியிலும் இதே மென்பொருள்தான் ஐயா. போன மாதம் உயிரியல் செயல்திட்டம் ஒப்படைக்க வேண்டிய அன்று காலையில் என்னிடம் 'தூக்கமும் உடலும்' என்ற தலைப்பு மட்டும் இருந்தது. அக்காவின் லேப்டாப்பில் அந்தத் தலைப்பைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தேன். அப்போது அவள் கட்டுரை எங்கேயும் வெளியே போயிருக்கவில்லை என்பதால் மென்பொருள் எனக்குச் 'சொந்தச் சரக்கு' என்று நற்சான்று கொடுத்துவிட்டு, ஒரு பிரதியைத் தன் வயிற்றுக்குள் போட்டுக்கொண்டது. பிறகு அக்கா தங்களுக்கு அனுப்பியபோது, அவள் என்னைப் பார்த்துக் காப்பியடித்ததாக ஆகிவிட்டது. ஒத்துப்போகாத நான்கு விழுக்காடு, தலைப்பும் என் பெயரும் டீச்சருக்கு நான் எழுதிய நன்றியுரையும். இதற்கு எங்கள் உயிரியல் டீச்சர் இருபதுக்கு ஏழு போட்டு, 'முடிவுரை மேலோட்டம், இன்னும் உழைக்கவும்' என்று எழுதியிருந்தார். இந்த மார்க்கை அக்காவிடம் சொல்வதாக இல்லை. தாங்களும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இன்று காலை டீச்சரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த ஏழும் முட்டையாகிவிட்டது. அவர் தந்த கடிதத்தை இணைத்திருக்கிறேன்.

என் யோக்கியதையில் சந்தேகம் வந்தால் கட்டுரையின் ஒன்பதாம் பக்கத்தைப் பார்க்கவும். தூக்கத்தைப் பதிவு செய்யும் கைப்பட்டையைக் கட்டிக்கொண்ட பிள்ளைகளில், 'ஏழாம் எண் பங்கேற்பாளர் தினமும் ஒன்பதரை மணிக்கே உறங்கி, ஒருமுறையும் விழிக்காமல், விடியலில் எழுகிறார். இவ்வயதில் காணக்கிடைக்காத ஒழுக்கம்' என்று ஒரு பத்தி முழுக்க வரும். அந்த ஏழு நான்தான். தூக்கத்திலேயே இவ்வளவு ஒழுக்கமாக இருக்கிறவன் விழித்திருக்கும்போது பொய் சொல்வானா? ஆகவே அக்கா மேல் பழி வராமல் காக்க வேண்டுகிறேன். நேர்மையைச் சோதிக்க ஆள் தேவைப்பட்டால் சனி, ஞாயிறு எனக்கு ஓய்வுதான்.

தங்களுக்கு வரும் கட்டுரைகள் எல்லாம் எழுதியவரே எழுதியதாக அமையவும், தங்கள் கண்ணாடியின் பவர் ஏறாமல் இருக்கவும் வாழ்த்தும்,

அசலின் தம்பியாகிய நகல்
(பங்கேற்பாளர் எண் ஏழு)

பி.கு.: அனுப்பும் முன் அக்காவிடம் காட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டே படித்தவள், 'இருபதுக்கு ஏழு' வந்ததும் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். ஒன்பதாம் பக்கம் வந்ததும், "தூங்குறதாவது ஒழுங்கா தூங்கினியேடா" என்றாள். அவள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். கைப்பட்டை உறுத்துகிறது என்று முதல் நாளே கழற்றி, "ரத்த அழுத்தத்துக்கு நல்லதுப்பா" என்று அப்பா கையில் கட்டிவிட்டேன். ஒன்பதாம் பக்கத்தில் இருப்பது ஐம்பத்திரண்டு வயது ஒழுக்கம். "அப்பாகிட்ட சம்மதமே வாங்கலையேடா, நெறிமுறைக் குழு என்னைத் தொலைச்சிடும்" என்றாள். என் தூக்கத்துக்காக அப்பா போட்ட சம்மதக் கையெழுத்து கைவசம் இருக்கிறதே, அதையே அவர் தூக்கத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். வைத்துக்கொள்ளக் கூடாதாம். அப்பா மட்டும் அந்தப் பத்தியை, "காணக்கிடைக்காத ஒழுக்கமாம்" என்று அம்மாவிடம் இரண்டாவது தடவையாக வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஏழாம் எண்ணை நீக்கிக் கணக்கை மறுபடி போட இரண்டு வாரம் அவகாசம் கேட்கச் சொல்கிறாள் அக்கா. என் தலைக்குப் பின்னால் நின்றுதான் சொல்கிறாள். முதல் பத்தியில் அறிவித்த செய்தியை இத்துடன் திரும்பப் பெறுகிறேன். உண்மையில் நான் எத்தனை மணிக்குத் தூங்குகிறேன் என்று எனக்கே தெரியாது ஐயா.