முப்பத்தாறு அங்கிளின் சத்தமில்லாத கேமரா

பகல் பதினொன்று நாற்பத்திரண்டு. மலேசியாவில், கிள்ளான் நகரத்தில் ஒரு கல்யாண மண்டபம். என் தம்பி தாலி கட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், பக்கத்து நாற்காலியில் என் ஆறு வயது மகள் யாழினி இல்லை. அது நடந்து மூன்று வாரம் ஓடிவிட்டது. இன்றும் கடிகாரம் அந்த நேரத்தைக் காட்டினால் எழுந்துபோய் அவள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் முப்பத்தாறு அங்கிள். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் தேடினாலும் அவரைப் போல ஒரு பிடிவாதக்காரர் கிடைக்க மாட்டார். இன்னொருவர் இருந்திருந்தால் பள்ளத்தாக்கு தாங்கியிருக்காது.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழேதான் அவருடைய ஸ்டூடியோ. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஒரு ஃபிலிம் ரோலில் முப்பத்தாறு படம், ஒரு கல்யாணத்துக்கு ஒரே ரோல். இதுதான் அவர் சட்டம். முப்பத்தேழாவது படத்துக்கு மாப்பிள்ளையின் அப்பா கெஞ்சினாலும் நடக்காது.

"அதுக்கு மேல சந்தோஷப்பட்டா கண்ணு பட்டுடும்லா" என்பார்.

இன்னொரு சட்டமும் உண்டு. "மூச்சு விடாதீங்க. 'டக்'னு சத்தம் கேக்குற வரைக்கும் யாரும் அசையக் கூடாது." அவருடைய பழைய கேமராவின் 'டக்' மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்கும். ஆனால் அது எப்போது வரும் என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். எங்கள் கல்யாணத்தில் என் கணவர் அப்படி மூச்சைப் பிடித்தார். ஆல்பத்தைப் பார்த்தால் தண்ணீருக்கு அடியில் தாலி கட்டுவது போலவே இருக்கும். யாழினிக்கு ஒவ்வொரு பிறந்தநாளன்றும் அவர் ஒரே ஒரு படம் எடுப்பார். என் பேச்சுக்கு ஆடாமல் நிற்காதவள், அவர் 'அசையாதே' என்றால் கோயில் சிலையாகிவிடுவாள்.

செலாயாங்கில் நடந்த ஒரு கல்யாணத்தில்தான் அவருக்குச் சோதனை வந்தது. மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள் முப்பத்தாறும் முடிந்துவிட்டது. "அடுத்த பிள்ளை கல்யாணத்துல பார்த்துக்கலாம் ஆன்டி" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஒரே பிள்ளை. ஆல்பத்தில் அந்த அம்மாவே இல்லை.

அந்த விவகாரத்துக்குப் பிறகுதான், பெரிய கேமராவுக்குத் துணையாக ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கச் சம்மதித்தார். முகங்களுக்கு ஃபிலிம். இலை, செருப்பு, சமையல், தாமதமாக வரும் மாமியார் எல்லாவற்றுக்கும் சின்னது. தேர்ந்தெடுக்கத் துணைக்கு என்னை அழைத்துப் போனார். ஒரே கடைக்கு மூன்று சனிக்கிழமை போனோம். ஒவ்வொரு கேமராவையும் காதில் வைத்துக் கேட்டார், பிள்ளையின் நெஞ்சை டாக்டர் கேட்பது போல.

"அங்கிள், எல்லாரும் படத்தைத்தான் பார்ப்பாங்க. நீங்க என்ன கேக்குறீங்க?" என்றாள் கடைப்பெண்.

"இது ஏன்மா கத்துது? பெரியவன் பேசும்போது சின்னவன் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்."

கடைசியில் சட்டைப்பையில் அடங்கும் ஒன்று அமைந்தது. கண் வைத்துப் பார்க்க ஒரு சின்னத் துவாரம் உண்டு, சத்தம் துளியும் இல்லை. கடையிலேயே கறுப்பு டேப் கேட்டு வாங்கித் திரையின்மேல் ஒட்டிவிட்டார்.

"ஐயோ அங்கிள், படம் எப்படி வந்திருக்குன்னு பார்க்க வேணாமா?"

"ஒரு வாரம் கழிச்சுப் பார்க்கலாம். சோறு வெந்துச்சா வெந்துச்சான்னு பானையைத் திறந்துகிட்டே இருந்தா எப்படிமா வேகும்?"

கடைப்பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அந்தச் சின்னவனின் முதல் கல்யாணம் என் தம்பியின் கல்யாணம்.

யாழினியைக் காணோம் என்றதும் நான் போட்ட சத்தத்தில் நாதஸ்வரம் நின்றது. கழிப்பறை, மணமகள் அறை, கார் நிறுத்துமிடம் எல்லாம் பார்த்தாயிற்று. தம்பி மாலையோடு மேடையிலிருந்து குதித்து வந்தான். அப்போது முப்பத்தாறு அங்கிள் நிதானமாகச் சொன்னார்:

"பாப்பாவா? கொஞ்சம் முன்னாடிதான் 'அசையாதே'ன்னு சொல்லி எடுத்தேன். ரோல்ல ரெண்டுதான் மிச்சம், அதான் சின்னவன்ல. பதினொன்னாவது படம்."

"எங்க அங்கிள்?"

கண்ணை மூடி யோசித்தார். "இடது பக்கத்துலேருந்து வெளிச்சம் வந்துச்சு. ரொம்ப நல்ல வெளிச்சம்."

"வெளிச்சம் கிடக்கட்டும் அங்கிள், இடம்?"

"இடத்தை யாரும்மா பார்த்தா?"

அவரை அடித்திருப்பேன். "டேப்பைப் பிரிங்க!" என்று கத்தினேன். "ஒரு வாரம் ஆகலையே..." என்று பழக்கதோஷத்தில் முணுமுணுத்தார். ஆனால் அதற்குள் நகத்தால் டேப்பைச் சுரண்டத் தொடங்கியிருந்தார். தம்பி வாங்கிப் பொத்தானை அழுத்தினான். இலைக்கட்டு. செருப்புக் குவியல். அப்பளக் கூடை. பதினொன்றாவது படத்தில் என் மகள், ஒரு பெரிய அண்டாவின் பக்கத்தில், முதுகை நிமிர்த்தி, கன்னம் உப்ப மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் நீல நிறக் கம்பித் தடுப்பு.

"இது நம்ம லோரி ஆச்சே!" என்றார் சமையல்காரர். "காப்பார்ல எங்க சமையல்கூடத்துல காலி அண்டாவை இறக்கிட்டுப் பாயாசம் எடுத்துவரப் போயிருக்கு. பின்பலகையைப் போடும்போது அண்டாவுக்குப் பின்னாடி யாரும் பார்க்கலை போலக்கா."

டிரைவருக்கு போன் போட்டோம். சமையலறை மேசையில், சார்ஜரில் மாட்டியபடி, அவர் போன் மண்டபத்திலேயே அடித்தது.

என் கணவர் காரை எடுத்துக்கொண்டு காப்பார் சாலையில் பறந்தார். நான் மண்டப வாசலில் நின்றேன். நெடுஞ்சாலை, வளைவுகள், தாழ்வான கம்பித் தடுப்பு என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே சாலையைப் பார்த்தேன். பக்கத்தில் முப்பத்தாறு அங்கிள் வந்து நின்றார். கையில் ஒரு கேமராவும் இல்லை. இரண்டையும் எங்கேயோ ஒரு நாற்காலியில் போட்டுவிட்டு வந்திருந்தார். பதினைந்து வருடத்தில் கேமரா இல்லாத அவர் கழுத்தை அன்றுதான் பார்த்தேன். அவ்வளவு மெலிந்த கழுத்து.

பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு அந்த நீல லோரி திரும்பியது. பின்னாலேயே என் கணவரின் கார், ஹார்ன் அடித்துக்கொண்டே.

"மன்னிச்சுக்குங்கக்கா!" என்று டிரைவர் குதித்து ஓடிவந்தார். "காப்பார்ல பலகையை இறக்குறேன், அண்டாவுக்குப் பின்னாடி பொம்மை மாதிரி உக்காந்திருக்கு. எனக்கு உசிரே போயிடுச்சு. அப்படியே தூக்கி முன்னாடி உக்கார வச்சுத் திரும்பிட்டேன்."

முன்கதவு திறந்தது. யாழினி இறங்கினாள். பாவாடையில் கொஞ்சம் கரி, வேறு ஒரு கீறல்கூட இல்லை. கையை விரித்து நின்ற என்னைத் தாண்டி நேராக முப்பத்தாறு அங்கிளிடம் போனாள்.

"அங்கிள், மூச்சு மட்டும் கொஞ்சம் விட்டுட்டேன். ஆனா லோரி ஓடும்போதுகூட நான் அசையவே இல்ல. ஏன் 'டக்'னு சத்தம் வரவே இல்ல?"

அவர் அந்த வெயிலில், தார்ச்சாலையில், அவளுக்கு முன்னால் மண்டியிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு, தன் வாயாலேயே மெல்லச் சொன்னார்:

"டக்."