கட்டார் வரை போய் வந்த மேல்மாடி

எங்கள் மன்னார்ச் சனம் மடு மாதாவைப் பார்க்க நாள் கணக்காக நடக்கும். சட்டை தைக்க இருபது படி ஏறச் சொன்னால் முழங்கால் நோகிறது என்னும். இது தெரியாமல் புதுக் கடைத்தொகுதியின் மேல்மாடியில் தையற்கடை போட்ட புத்திசாலி நான்.

கணவர் கட்டாரில் கிரேன் ஓட்டுகிறார். "கடை ஓடட்டும், அடுத்த நாளே வந்திடுவன்" என்பது அவர் கொடுத்த வாக்கு. கடை ஓடவில்லை. நான் உள்ளே ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எதிரே உடுப்புக்கடை வைத்திருக்கும் எருக்கலம்பிட்டி றிஸ்வான் ஒருநாள் ஓடிவந்தார். "அக்கா, கொழும்புல ஷொப்பிங் மோலெல்லாம் விளையாட்டு வெச்சுத்தான் ஆக்கள இழுக்கிறாங்க. நாமளும் வைப்பம்."

கண்ணை முழுதாக மூடும் பெரிய கண்ணாடி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். மாட்டினால் சுற்றிலும் வேறோர் உலகம் தெரியும்.

திறப்பு நாளுக்கு "கடல் பயணம்" போடலாம் என்றேன். (பள்ளிமுனை மீனவர்களுக்குக் கடல் காட்டப் புறப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.) அன்று விடியக் கடலிலிருந்து கரையேறி நேரே வந்திருந்த அந்தோனி அண்ணை, ஒரு நிமிடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"காத்துமில்லை, உப்பு மணமுமில்லை. உது என்ன கடல், பிள்ளை?"

சனம் படிப்பக்கம் திரும்பத் தொடங்கியது. "வேறை என்ன கிடக்கு?" என்றேன். றிஸ்வான் பட்டியலைத் தட்டினார். பாரிஸ், குவைத், டோஹா. டோஹா என்றால் அவர் இருக்கும் கட்டாரின் தலைநகரம்.

"டோஹாவைப் போடுங்கோ. நானே போட்டுக் காட்டுறன்."

விளம்பரத்துக்காகத்தான் மாட்டினேன், சத்தியமாக. ஆனால் கடற்கரை வீதி விரிந்ததும் எல்லாம் மறந்து போயிற்று. மூன்று வருடமாகக் கைபேசியில் முகத்தை மட்டும் பார்த்த எனக்கு, அவர் நடக்கும் தெரு! வேலைத்தொப்பி போட்ட ஒருவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அச்சு அசல் அவர் முதுகு.

"இஞ்சேருங்கோ!" என்று கத்திவிட்டேன். (புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, என்ன செய்ய?) மேல்மாடியில் நின்ற கலியாணம் முடித்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்களாம். நான் எட்டி நடந்து அவர் கையைப் பிடித்தேன். கை உண்மையாகவே அகப்பட்டது! "உழைச்சது காணும். வாங்கோ, வீட்டை போவம்" என்று இழுத்தேன்.

கை கழன்று வந்துவிட்டது.

அது றிஸ்வானின் கடை வாசலில் கோட்டுப் போட்டு நின்ற பொம்மை. சனம் கூரை அதிரச் சிரித்தது. நான் கண்ணாடியைக் கழற்றவில்லை. உள்ளே அழுதுகொண்டிருந்தேன்.

"அக்கா, கை போனாப் பரவாயில்ல. கண்ணாடியக் கழட்டுங்க" என்றார் றிஸ்வான் மெதுவாக.

கழற்றியபோது, சிரித்த பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்தபடி முன்னால் நின்றாள். "என்ரை மகன் பாரிசிலை. அந்தத் தெருவைப் போடுவியளோ?" அவளுக்குப் பின்னால் நின்றவள் குவைத் கேட்டாள்.

இப்போது ஞாயிறு பூசை முடிந்ததும் வரிசை படி தாண்டி வீதிவரை நிற்கிறது. முழங்கால் நோவு ஒருவருக்கும் இல்லை. காத்திருக்கும் நேரத்தில் சட்டைக்கு அளவும் கொடுக்கிறார்கள்.

கடை ஓடுகிறது என்று அவரிடம் சொன்னேன். "இன்னும் ஒரு வருசம்" என்றார். அது சொல்லி இரண்டு வருடமாகிறது.

அவர் அழைக்கும் போதெல்லாம் மகள் விடமாட்டாள். "அப்பா, வரேக்கை கையை இறுக்கிப் பூட்டிக்கொண்டு வாங்கோ. அம்மா இழுப்பா!" அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

இழுக்கத்தான் போகிறேன்.